ஐந்து ஒலிம்பிக், ஒன்பது துணைகள்

பிரிட்டனின் துடுப்புப் படகு வீராங்கனை கேத்ரின் கிரெயின்ஜரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். வரிசையாக மூன்று ஒலிம்பிக்கில் வெள்ளி, நான்காவதில், அதுவும் சொந்த நாட்டில், தங்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருடைய பெரிய சாதனை அந்தக் கதையில் விடுபட்டுப் போகிறது என்றே நினைக்கிறேன்.

2000 சிட்னி முதல் 2016 ரியோ வரை ஐந்து ஒலிம்பிக்கிலும் அவர் பதக்கம் வாங்கினார். ஒவ்வொரு முறையும் படகில் கூட இருந்தவர்கள் வேறு. சிட்னியில் மூன்று பேர், ஏதென்ஸில் ஒருவர், பெய்ஜிங்கில் மூன்று பேர், லண்டனிலும் ரியோவிலும் ஒவ்வொருவர். மொத்தம் ஒன்பது பேர். ஒருவர்கூட இரண்டாம் முறை வரவில்லை. ஐந்து ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரிட்டன் துடுப்புப் படகு வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அவருக்குக்கூட கடைசி மூன்று ஒலிம்பிக்கிலும் மேத்யூ பின்சென்ட் கூடவே இருந்தார்.

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்கலாம். இருவர் செல்லும் படகின் குறைந்தபட்ச எடை 27 கிலோதான். அதில் உட்கார்ந்திருப்பவர்களின் எடை அதைப்போலப் பல மடங்கு. இருக்கையோ தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடுவது. துடுப்பை வலித்து முடித்து மறுபடி முன்னே வரும்போது ஒருத்தி கொஞ்சம் அவசரப்பட்டாலும் படகு இடறும், வேகம் போய்விடும். துடுப்புகள் ஒரே நொடியில் தண்ணீரில் இறங்கி ஒரே நொடியில் வெளியே வர வேண்டும். இன்னொரு உடம்பின் தாளத்தோடு அப்படி ஒட்டிப்போக வருடங்கள் ஆகும். கிரெயின்ஜர் அதை ஐந்து முறை முதலிலிருந்து கட்டினார். ஏதென்ஸில் ஆளுக்கு ஒரே துடுப்பு, மற்ற நான்கிலும் இரண்டு துடுப்பு. கை, முதுகு, சமநிலை எல்லாமே அதற்கேற்ப மாற வேண்டும்.

பெய்ஜிங்தான் எல்லாவற்றிலும் கொடுமை. 2005, 2006, 2007 என்று மூன்று வருடமும் நால்வர் படகில் உலகச் சாம்பியன் பிரிட்டன். இறுதிப் போட்டியிலும் முன்னால் போனார்கள். கடைசிக் கட்டத்தில் சீனா முந்திவிட்டது. இந்த விளையாட்டில் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அதனால் துரத்துகிறவர்கள் நெருங்குவதை முன்னால் இருப்பவர்கள் கண்ணால் பார்த்துக்கொண்டே துடுப்பு வலிக்க வேண்டும். அப்படி ஒரு தோல்விக்கு அப்புறம் 2010இல் அன்னா வாட்கின்ஸ் என்ற புதுத் துணையோடு இருவர் படகில் ஏறி, லண்டன் தங்கம் வரை ஒரு போட்டியில்கூட அவர் தோற்கவில்லை. அந்த வருடங்களிலேயே லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கொலைக் குற்றச் சட்டம் குறித்த முனைவர் பட்ட ஆய்வும் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, லண்டனோடு நிறுத்தியிருந்தால் கதை அழகாக முடிந்திருக்கும். அவர் இரண்டு வருடம் விலகியிருந்துவிட்டுத் திரும்பி வந்தார். இந்த முறை துணை விக்கி தோர்ன்லி. ஆட்டம் எளிதில் கூடிவரவில்லை. ரியோவுக்குச் சில மாதங்களே இருந்தபோது ஜோடியைக் கலைத்து இருவரையும் எண்மர் படகுக்குச் சோதித்தார்கள். அதிலும் இடம் கிடைக்கவில்லை. மறுபடி இருவர் படகுக்கே வந்தார்கள். இறுதிப் போட்டியில் முன்னிலையில் இருந்து, முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் போலந்திடம் தங்கத்தை விட்டு, வெள்ளி வாங்கினார்கள். அப்போது அவருக்கு வயது 40.

லண்டன் தங்கத்தைவிட இந்த வெள்ளியைத்தான் நான் மேலே வைப்பேன். லண்டனில் அவர் தோல்வியே காணாத ஜோடியில் ஒருவர். ரியோவில் தேர்வாளர்களே கலைத்துப்போட்ட ஜோடியை மறுபடி ஒரே தாளத்துக்குக் கொண்டுவர அவருக்குக் கிடைத்தது சில வாரங்கள்தான்.