ஜெனரிக் மாத்திரையில் 20% மருந்து குறைவா? அந்த எண்ணின் பொருள் வேறு

'ஜெனரிக்கில் 20% வரை மருந்து குறைவாக இருக்கலாம், சட்டமே அனுமதிக்கிறது' என்று சிலர் சொல்வது தவறு. (ஜெனரிக் என்பது, மூல நிறுவனம் கொண்டுவந்த மருந்தையே வேறு நிறுவனங்கள் தயாரிப்பது.) மாத்திரைக்குள் உள்ள அளவுக்கு வரம்பு தனி: இந்திய மருந்துத் தரநூலில் பாராசிட்டமால் மாத்திரைக்கு 95–105%.

அந்த 20%, ஜெனரிக்குக்கான 80–125% என்ற வரம்பிலிருந்து வந்தது. அது இரத்தப் பரிசோதனைக் கணக்கு. பெரும்பாலும் ஆரோக்கியமான 24 முதல் 36 தன்னார்வலர்களுக்கு மூல மருந்தையும் ஜெனரிக்கையும் மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். நடுவில் குறைந்தது ஐந்து அரை ஆயுட்கால (உடலில் மருந்து பாதியாகக் குறையும் நேரம்) இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் முதல் மருந்தின் மிச்சம் கணக்கைக் கெடுத்துவிடும். பல முறை இரத்தம் எடுத்து, அதில் சேர்ந்த மருந்தின் உச்ச அளவையும் மொத்த அளவையும் ஒப்பிடுவார்கள். சராசரி விகிதம் மட்டுமல்ல, அதன் 90% நம்பக இடைவெளி (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வரம்பு) முழுவதும் 80–125க்குள் அடங்க வேண்டும். சராசரியே 80 என்றால் இடைவெளியின் கீழ்முனை வெளியே போய்விடும், மருந்து தோற்றுவிடும். அமெரிக்காவில் 1996–2007 காலத்தின் 2,070 ஆய்வுகளைத் தொகுத்தபோது மொத்த அளவில் சராசரி வேறுபாடு சுமார் 3.5%தான்.

ஜெனரிக் பற்றிய கவலைக்கு உண்மையான இடம் ஒன்று உண்டு. இந்தியாவில் 2017 வரை, நான்கு ஆண்டுகளுக்கு மேல் சந்தையில் இருந்த மருந்தின் ஜெனரிக்குக்கு இந்த ஆய்வு கட்டாயமில்லை. அந்த ஆண்டு வந்த விதியும் நீரில் எளிதில் கரையாத வகைகளுக்குத்தான். ஆகவே வலிப்புக்குத் தரும் ஃபெனிடாய்ன் போன்ற, அளவு சற்று மாறினாலே சிக்கலாகும் மருந்துகளில் மருத்துவரிடம் சொல்லாமல் கம்பெனி மாற்றாதீர்கள்.