இலவசப் பொருள் மட்டுமல்ல

"பழங்குடிக் கிராமங்களில் கத்தோலிக்கச் சமூகப் பணி என்றாலே இலவச அரிசியும் துணியும்தான், நிலைத்த பயன் எதுவும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைய ஜார்க்கண்டில் பெரும்பகுதி அமைந்துள்ள சோட்டாநாக்பூர் மேட்டுநிலத்தின் வரலாறு வேறு. அங்கே மக்களை நசுக்கியவை கந்துவட்டியும் நிலப்பறிப்பும். இயேசு சபைக் குரு ஹாஃப்மன் 1909-இல் தொடங்கிய கூட்டுறவுக் கடன் சங்கத்தில், முண்டா, ஒராவோன் பழங்குடி உழவர்கள் தாங்களே சேர்த்த பணத்திலிருந்து கடன் பெற்றார்கள். அது கத்தோலிக்கர்களுக்கான சங்கம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அவர் உருவாக்கத்தில் பங்கேற்ற 1908-ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் மதம் பார்க்கவில்லை. பழங்குடியினரின் நிலம் வெளியாருக்குக் கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் அந்தச் சட்டம், சர்னா எனும் பழங்குடிச் சமயத்தைப் பின்பற்றுவோரின் வயல்களையும் காக்கிறது. ஜார்க்கண்டில் அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.