இன்வெர்ட்டரை அதிவேக ரிசீவராக்கும் முன் அதன் சப்ளையைப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்திலிருந்து கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளில் பலர், லாஜிக் சுற்றுகளில் வரும் இன்வெர்ட்டரை (வீட்டில் மின்வெட்டுக்கு வைப்பதல்ல) ஒன்றைச் சுழியாகவும் சுழியை ஒன்றாகவும் மாற்றும் கேட்டாக மட்டுமே படித்துவிட்டு வருகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. மேலே ஒரு பிமாஸ், கீழே ஒரு என்மாஸ் என இரண்டே டிரான்சிஸ்டர்களால் ஆன அந்தச் சுற்றை ஒன்றுக்கும் சுழிக்கும் நடுநிலையில் நிறுத்தினால் அது வேகமான ஆம்ப்ளிஃபயர்; வரும் சிறு சிக்னலைப் பெரிதாக்கி, ஒன்றா சுழியா என்று படிக்கும் ரிசீவராகவும் அதைப் பயன்படுத்தலாம். ஒளியிழை ரிசீவர் ஐசிகள் சிலவற்றின் முதல் நிலையிலும் இதே அமைப்புதான் இருக்கிறது.

செய்து பார்ப்பதும் எளிது. 74எச்சியு04 ஐசியின் ஒரு கேட்டில் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு மெகா ஓம் ரெசிஸ்டரை இணைத்து, சிக்னலை ஒரு கெப்பாசிட்டர் வழியாக உள்ளே விட்டால், 5 வோல்ட் சப்ளையில் இரு முனைகளும் ஏறக்குறைய 2.5 வோல்ட்டில் தாமாகவே வந்து நிற்கும். பெயரில் உள்ள அந்த 'யு' முக்கியம். கோவைக் கடையில் வெறுமனே 'சீரோ ஃபோர்' என்று கேட்டு வாங்கும் 74எச்சி04-இல் ஒவ்வொரு கேட்டுக்குள்ளும் மூன்று நிலைகள் அடுத்தடுத்து இருப்பதால், பெருக்கம் மிகுந்து, சிக்னலே இல்லாதபோதும் அது ஆசிலேட் ஆக, அதாவது தானாகவே ஏறி இறங்க, தொடங்கிவிடக்கூடும்.

ஆனால் இன்வெர்ட்டருக்குச் சிக்னலை ஒப்பிட்டுப் பார்க்கத் தனியாக ரெஃபரன்ஸ் வோல்ட்டேஜ் கிடையாது. ஒன்றையும் சுழியையும் பிரிக்கும் அதன் எல்லை வோல்ட்டேஜான த்ரெஷோல்டு ஐசிக்கு ஐசி மாறும், வெப்பத்தோடு நகரும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சப்ளையோடு சேர்ந்தே ஆடும். சப்ளையில் 100 மில்லிவோல்ட் இரைச்சல் இருந்தால் ஏறக்குறைய அதில் பாதி த்ரெஷோல்டில் தெரியும். ஒரு நானோசெகண்டில் 3.3 வோல்ட் ஏறி, அதே வேகத்தில் இறங்கும் சிக்னலை எடுத்துக்கொள்வோம். த்ரெஷோல்டு 0.33 வோல்ட் மேலே நகர்ந்தால், ஏறும் விளிம்பு 0.1 நானோசெகண்ட் தாமதமாகவும் இறங்கும் விளிம்பு அதே அளவு முன்னதாகவும் உணரப்பட்டு, பல்ஸ் 0.2 நானோசெகண்ட் குறுகிவிடும். விநாடிக்கு 500 மெகாபிட் வேகத்தில் ஒரு பிட்டின் அகலமே 2 நானோசெகண்ட்தான். அதில் பத்தில் ஒரு பங்கு இங்கேயே போய்விடுகிறது.

ஆகவே ஒரே போர்டில், ஒரே கிரவுண்டில், சில சென்டிமீட்டர் தூரத்துக்குள், சப்ளை பின்னை ஒட்டியே, சப்ளை இரைச்சலைக் குறைக்கும் பைபாஸ் கெப்பாசிட்டர் வைத்து இன்வெர்ட்டரை ரிசீவராகப் பயன்படுத்துவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். கெப்பாசிட்டர் வழியாக வரும் டேட்டாவில் ஒரே பிட் நீண்ட நேரம் தொடரக் கூடாது என்பதால், எட்டு பிட்டுகளைப் பத்து பிட்டுகளாக மாற்றி அனுப்பும் 8பி/10பி போன்ற கோடிங்கும் வேண்டும். மோட்டார்கள் ஓடும் ஷெட்டில் ஒரு இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கேபிள் இழுப்பவர்கள், விலை சற்றுக் கூடினாலும் எல்விடிஎஸ் (குறைந்த வோல்ட்டேஜ் சிக்னலை இரு கம்பிகளில் அனுப்பும் முறை) ரிசீவரையே வாங்குங்கள். சுமார் 350 மில்லிவோல்ட் சிக்னலை அது இரு கம்பிகளுக்கு இடையிலான வேறுபாடாக 100 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே படிப்பதால், இரண்டு கம்பிகளிலும் சேர்ந்து ஏறும் இரைச்சல் பெருமளவு கழிந்துவிடும்.

நடுநிலையில் நிற்கும் இன்வெர்ட்டரில் இரு டிரான்சிஸ்டர்களும் ஒருசேரக் கடத்துவதால், சிக்னல் இல்லாத நேரத்திலும் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும்; பேட்டரியில் இயங்கும் கருவிக்கு இந்த அமைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.