முதலாம் உலகப் போரை மூட்டியது இரகசியக் கும்பலா?

ரஷ்ய அரச குடும்பத்துக்கு நெருக்கமான சாமியார் ரஸ்புட்டினையும் பொஸ்னிய சேர்பிய இளைஞர் பிரின்சிப்பையும் பின்னாலிருந்து இயக்கிய ஓர் இரகசியக் கும்பலே முதலாம் உலகப் போரை மூட்டியது என்று கூறும் காணொளியொன்று, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாணவர்களிடையே பகிரப்பட்டு வருகிறது. இது வரலாறு அல்ல; 2021இல் வெளியான ‘த கிங்ஸ் மேன்’ திரைப்படத்தின் கற்பனைக் கதை.

1914 யூன் 28இல் பொஸ்னியாவின் சரயேவோ நகரில் ஒஸ்திரிய முடிக்குரிய இளவரசரைச் சுட்டுக் கொன்ற பிரின்சிப்பின் குழுவுக்குச் சேர்பிய இராணுவ அதிகாரிகள் சிலர் ஆயுதம் கொடுத்தது உண்மையே. ஆனால் அக்கொலைக்கும் போர்ப் பிரகடனத்துக்கும் இடையே சரியாக ஒரு மாதம் இருந்தது. அந்த மாதத்தில், ஜேர்மனி ஒஸ்திரியா-ஹங்கேரிக்கு நிபந்தனையற்ற ஆதரவை உறுதியளித்தது; யூலை 23இல் ஒஸ்திரியா-ஹங்கேரி சேர்பியாவுக்கு 48 மணிநேர இறுதி எச்சரிக்கை விடுத்தது; சேர்பியா அதன் பெரும்பாலான நிபந்தனைகளை ஏற்றும், 28இல் அதன் மீது போர் அறிவித்தது. இவற்றை முடிவுசெய்தவர்கள் பெயரும் பதவியும் அறியப்பட்ட மன்னர்களும் அமைச்சர்களும் தளபதிகளுமே. போரின் விலையைத் தம் வீட்டிலேயே கண்ட வன்னிப் பிள்ளைகளிடம் அந்தப் பொறுப்பை மறைத்துச் சொல்வது பெரும் அநீதி.

ரஸ்புட்டினோ, யூலையில் சைபீரியாவிலுள்ள தன் ஊரில் கத்தியால் குத்தப்பட்டு, தியூமென் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவாறே, போரில் இறங்க வேண்டாமென ரஷ்யப் பேரரசரை மன்றாடினார்.