ரெண்டு டிஸ்க்

(திருகோணமலை, உவர்மலை. ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொண்டரை. அக்கா குசினிக்குப் பின்னால இருந்து சூடை மீன் வெட்டுறா, பக்கத்தில ரெண்டு பூனை காவல். தம்பி போனோட வந்து படியில குந்துறான். அத்தான் கனடாவில. டிவியில பூட்டி கேம் விளையாடுற பிஎஸ்5 மெசின் வாங்கியாச்சு, நாளைக்கு பிளேன் ஏறுற கூட்டாளி ஒருத்தரிட்ட குடுத்து விடப்போறார், அதோட ரெண்டே ரெண்டு கேம் டிஸ்க். "எது எண்டு அக்காட்ட கேட்டுச் சொல்லு" எண்டு மெசேஜ். அந்த "அக்காட்ட கேட்டு"தான் தம்பிக்குப் பிடிக்கேல்ல.)

தம்பி: அக்கா, லிஸ்ட் ரெடி. நீங்க ஓம் எண்டு மட்டும் சொன்னா போதும், மிச்சத்தை நான் அனுப்புறன்.

அக்கா: ஓம் எண்டு மட்டும் சொல்லித்தான் உனக்கு பைக் வந்தது. முதல் விலையைச் சொல்லு.

தம்பி: புதுசா வாற பெரிய கேம் எண்டா 70 டொலர் வரும். அமெரிக்க டொலர்.

அக்கா: (கத்தி நிக்குது) டொலர் 300 எண்டு வச்சாலும் 21,000! ஒரு டிஸ்க்குக்கா?

தம்பி: அக்கா, நூற்றுக்கணக்கான ஆக்கள் நாலஞ்சு வருசமா இருந்து செய்யிறது அது.

அக்கா: நானும் உன்னை இருபது வருசமா பாத்துப் பாத்து வளக்கிறன், ஒருத்தரும் 70 டொலருக்குக் கேக்கேல்ல. சும்மா ஒண்டும் வராதா அதோட?

தம்பி: வரும், அஸ்ட்ரோஸ் பிளேரூம் எண்டு ஒண்டு உள்ளுக்கே போட்டு வரும், ஒரு குட்டி றோபோ ஓடித் திரியும், நல்லாத்தான் இருக்கும், ஆனா ஒரு பின்னேரம் குந்தினா முடிஞ்சிரும்.

அக்கா: அப்ப மெதுவா விளையாடு.

தம்பி: அக்கா...

அக்கா: சரி, விளையாடி முடிச்ச டிஸ்க்கை என்ன செய்யிறது?

தம்பி: அதுக்குத்தானே அத்தானிட்ட டிஸ்க் போடுற மொடலை எடுங்க எண்டு காலைப் பிடிச்சு அழுதனான், அவர் விலை குறைவு எண்டு டிஸ்க் இல்லாத டிஜிட்டல் மொடலுக்குப் போகப் பாத்தவர். அதில வாங்கினா கேம் அக்கவுண்டோட ஒட்டிரும், விக்கவும் ஏலாது கைமாத்தவும் ஏலாது, அக்கவுண்ட் திறக்கிற இடத்திலயும் நாடு கேக்கும், லிஸ்டில இலங்கையே இல்ல. டிஸ்க் எண்டா முடிச்சிட்டு அரை விலைக்காவது தள்ளலாம். பழைய பிஎஸ்4 டிஸ்க்கும் போடலாம், கூட்டாளிமாரிட்ட கடனுக்கும் வாங்கலாம்.

அக்கா: இப்பதான் மனுசர் மாதிரி கதைக்கிறாய். சொல்லு, முதலாவது என்ன?

தம்பி: அது வந்து... வாகனம் சம்பந்தப்பட்டது. ஒரு பெரிய டவுன். வீடு வாங்கலாம், வியாபாரம் செய்யலாம், பங்கு முதலீடு கூட...

அக்கா: கார் பறிச்சு ஓடுற ஜிடிஏ தானே?

தம்பி: (மௌனம்)

அக்கா: சின்னவன்ட வகுப்புப் பெடியன் ஒருத்தன் அதைப் பாத்திட்டு வந்து பஸ் டிரைவரை "இறங்குடா, நான் ஓடுறன்" எண்டு சொன்ன கதை தெரியுமா உனக்கு? எப்ப வந்த கேம் அது?

தம்பி: 2013.

அக்கா: நீ கட்டைக் களிசானோட மூக்கு வடிச்சுக்கொண்டு திரிஞ்ச காலத்துக் கேமையா இப்ப காசு குடுத்து வாங்கப் போறாய்? அடுத்தது.

தம்பி: கிரான் டூரிஸ்மோ 7. சுத்தமான கார் ஓட்டம் அக்கா, அடிதடி இல்ல, இரத்தம் இல்ல, பெட்டியில ஈ எண்டுதான் போட்டிருக்கு, ஈ எண்டா எல்லாருக்கும் ஏத்தது, டீ எண்டா 13 வயசுக்கு மேல, எம் எண்டா 17க்கு மேல. நானூறுக்கு மேல கார் இருக்கு. ஆனா ஒண்டு, லைசன்ஸ் எடுத்தாத்தான் பெரிய ரேஸ் எல்லாம் ஓட விடுவான்.

அக்கா: கேமுக்குள்ளயும் லைசன்ஸா?

தம்பி: ஓம், டெஸ்ட் வச்சுத்தான் தருவான். பிரேக் பிடிக்கிறது, வளைவு எடுக்கிறது...

அக்கா: நிசத்து ட்ரையலில கயிறு கட்டின கம்பை இடிச்சுப்போட்டு வந்தவன் நீ. அங்கயும் போய் பெயில் விடவா 21,000? வேற.

தம்பி: ஃபுட்போல்?

அக்கா: ஏகாம்பரம் கிரவுண்ட் கிடக்குதானே.

தம்பி: அக்கா அது எஃப்சி, முதல் ஃபிஃபா எண்டு இருந்தது, 2023ல பேர் மாத்தினவங்கள், வருசா வருசம் புதுசு வரும்.

அக்கா: வருசா வருசம் என்ன புதுசு, பந்து சதுரமாகிட்டுதா? கிரவுண்டுக்குப் போ, பெடியங்கள் ஒரு ஆள் குறையுது எண்டு போன கிழமையும் வந்து கேட்டவங்கள், நீ படுத்துக் கிடந்தாய்.

(தம்பி கொஞ்ச நேரம் பூனையைப் பாக்கிறான். அக்கா ராவில சீரியல் பாத்து மூக்கைச் சிந்துறது ஞாபகம் வருது. மூஞ்சி மாறுது.)

தம்பி: அக்கா, இது வேற மாதிரி. குடும்பக் கதை. ஒரு தாய் செத்துப் போறா. கடைசி ஆசையா தன்ட அஸ்தியை எல்லாத்திலயும் உயரமான மலை உச்சியில தூவச் சொல்லிட்டுப் போறா. தகப்பனும் சின்ன மகனும் நடந்தே கொண்டு போறாங்க. தகப்பனுக்கு மகனோட பாசமா கதைக்கத் தெரியாது.

அக்கா: (கை நிக்குது) ஐயோ. தாய் இல்லாத பிள்ளையை அப்பிடியா நடத்துறது? கடலில கரைக்கிறதுதானே, ஏன் மலைக்கு?

தம்பி: அது பனி நாடு அக்கா. 2018ல வந்தது, பிஎஸ்4 டிஸ்க், விலையும் நல்லா இறங்கிட்டு.

அக்கா: காட்டு பாப்பம்... இவர்தான் தகப்பனா? கையில என்ன கோடாலி?

தம்பி: கேம் தொடங்கிறதே சிதைக்கு மரம் தறிக்கிறதிலதான் அக்கா, சத்தியமா.

அக்கா: பேந்து?

தம்பி: பேந்து... வழியில வாற ஆக்களையும் தறிப்பார்.

அக்கா: பேர்?

தம்பி: கோட் ஒஃப் வோர்.

அக்கா: பெட்டியில ஈயா டீயா?

தம்பி: எம்.

அக்கா: வை அங்கால.

தம்பி: அப்ப எல்டன் ரிங். ஒரு ராணி, அவட பிள்ளையள் எல்லாம் சொத்துக்கு அடிபட்டு நாடே நாசமாப் போச்சு.

அக்கா: காணி வழக்கா? யாருக்குத் தீர்ந்தது?

தம்பி: அதை நாங்கதான் ஒவ்வொருத்தராப் போய் தீர்க்கோணும். கொஞ்சம் கஸ்டமான கேம், திருப்பித் திருப்பி சாவம், ஒவ்வொரு தரமும் "நீ செத்துட்டாய்" எண்டு பெரிசா எழுத்து வரும்.

அக்கா: ஞாயித்துக்கிழமையில கதைக்கிற கதையா இது? வேற.

தம்பி: ரெட் டெட் 2? நல்ல மனுசன் ஒருத்தன் அக்கா, கூடாத கூட்டத்தில சேந்து கெட்டுப்போனவன். குதிரையில போவான், மான் வேட்டையாடுவான்...

அக்கா: கோட்டைக்குப் போனா மானுக்கு வாழைப்பழம் தீத்துறவன், வீட்ட வந்து சுடப்போறியா?

தம்பி: கடைசியில அவனுக்கு டீபி வந்துரும்.

அக்கா: ஐயோ பாவம். ஏன், மருந்து ஒழுங்கா எடுக்கேல்லயா? ஆறு மாசம் விடாம எடுத்தா மாறுமே.

தம்பி: கதை நடக்கிறது 1899ல அக்கா. அப்ப எங்க மருந்து.

அக்கா: (பெருமூச்சு) மருந்தில்லாத காலத்தில அவனுக்கு ஏன் அந்தக் கூட்டம். அதுவும் எம் தானே? நினைச்சன். அதென்ன கீழ, ரெண்டு பொம்மை நிக்குது?

தம்பி: அது ஒண்டுமில்ல, தவறுதலா வந்தது.

அக்கா: காட்டடா.

தம்பி: இட் டேக்ஸ் டூ. ரெண்டு பேர் பக்கத்தில பக்கத்தில இருந்து விளையாடுறது, தனிய விளையாடவே ஏலாது. 2021ல கேம் ஒஃப் த இயர் எடுத்தது எண்டது உண்மைதான், ஆனா எங்களுக்கு சரிவராது.

அக்கா: கதை?

தம்பி: புருசனும் பொஞ்சாதியும் டைவர்ஸ் எடுக்கப் போறாங்க...

அக்கா: (மீன் சட்டியைத் தள்ளி வச்சிட்டு) பொறு பொறு. முதல்ல இருந்து சொல்லு.

தம்பி: அவ எஞ்சினியர், வேலை வேலை எண்டு திரியிறவ, அவர் வீட்டில பிள்ளையையும் தோட்டத்தையும் பாக்கிறவர். மகள் அழுத கண்ணீர் பட்டு ரெண்டு பேரும் குட்டிப் பொம்மையா மாறிடுவாங்க. பேந்து ஒரு புத்தகத்துக்கு உயிர் வந்து இடுப்பை ஆட்டி ஆட்டி ரெண்டு பேருக்கும் புத்தி சொல்லும். வீட்டில கிடக்கிற சாமானெல்லாம் சண்டைக்கு வரும், பழுதாப்போன வாக்கும் கிளீனர் ஏன் என்னைத் திருத்தாம ஒதுக்கிப் போட்டனீங்க எண்டு கேட்டு அடிக்கும்.

அக்கா: நியாயம்தானே! எங்கட கிரைண்டருக்கு வாய் இருந்தா உன்ட அத்தான் இந்த வீட்டுப் படி ஏற ஏலாது. பெட்டியில என்ன எழுத்து?

தம்பி: (மெல்ல) டீ.

அக்கா: சின்னவனுக்கு 13 முடிஞ்சுது. இதை எடு.

தம்பி: அக்கா, யார் விளையாடுறது இதை?

அக்கா: நான்தான். சின்னவனும் நானும். நீ பக்கத்தில இருந்து எந்த பட்டன் எண்டு சொல்லு.

தம்பி: சரி விடுங்க, அப்ப ரெண்டாவது டிஸ்க் என்ட விருப்பம். பெட்டிக்குள்ள ஒரு கொன்ட்ரோலர்தான் வரும், அதால நான் தனிய விளையாடுறதா...

அக்கா: என்ன சொன்னாய்? ஒண்டுதான் வருமா?

தம்பி: (நாக்கைக் கடிக்கிறான்)

அக்கா: ரெண்டு பேர் விளையாடுற கேமுக்கு ஒரு கொன்ட்ரோலரா? மற்றது என்ன விலை?

தம்பி: கிட்டத்தட்ட... ஒரு கேம்ட விலை.

அக்கா: முடிஞ்சுது. ரெண்டாவது டிஸ்க்குக்குப் பதிலா கொன்ட்ரோலர். உனக்கு அந்த றோபோ இருக்கு. போனைப் பிடி, நானே வொய்ஸ் போடுறன், கை மீனாக் கிடக்கு, நீ அமத்து.

(தம்பி மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு அமத்துறான்.)

அக்கா: இஞ்சேருங்க, நான் நல்லா யோசிச்சுப் பாத்தன், டைவர்ஸ் எடுக்கிறது ஒண்டு இருக்குதானே, அதுதான் சரி, சின்னவனுக்கும் அதுதான் நல்லம், தம்பியும் ஓமெண்டிட்டான்...

(பூனை ஒண்டு மீனில வாயை வைக்குது. தம்பி துரத்தப் போக விரல் வழுக்குது. மெசேஜ் போயிட்டு.)

அக்கா: டேய், கொன்ட்ரோலரைச் சொல்லேல்லயே! திருப்பி அமத்து.

தம்பி: அக்கா... இப்ப அங்க என்ன நேரம்?

அக்கா: விடிய ரெண்டு மணி இருக்கும், ஏன்?

தம்பி: ரெண்டு நீலக் கோடும் விழுந்திட்டு. கேட்டிட்டார்.

(போன் அடிக்குது. வீடியோ கோல். நிண்டு, திருப்பியும் அடிக்குது.)

அக்கா: என்னவாம் இந்த நேரத்தில? எடு எடு.

தம்பி: (போனை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு) எடுக்கிறன் அக்கா, எடுத்து நானே வடிவா விளங்கப்படுத்துறன், நீங்க ஒண்டும் யோசிக்காதீங்க. ஆனா அந்த கொன்ட்ரோலருக்குப் பதிலா எல்டன் ரிங் எண்டு...

அக்கா: (மீன் கத்தியோட எழும்புறா) தா இஞ்ச.