அம்மாவின் 45 நாள் கூலி

என் அம்மா கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 31 ஆண்டுகள் கொழுந்து பறித்தார். ஓய்வு பெற்றபோது தோட்டத்து ஆபீசில் கொடுத்த பணிக்கொடை (கிராஜுவிட்டி) கணக்கில் 28 ஆண்டுகள் என்று எழுதியிருந்தது. கைநாட்டு வைத்துப் பணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இலங்கை மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் காத்திருந்து, மலையேறி வந்தவர் அவர். ஆபீஸ் காகிதம் என்றாலே அவருக்குப் பயம். விடுபட்ட 3 ஆண்டுகள் எவை என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு மாதம்கூடச் சந்தா பாக்கி வைக்காத அவருக்காகத் தொழிற்சங்கமும் கேட்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, நானே எங்கள் காட்டுக்கு, அதாவது தோட்டத்தில் எங்கள் பகுதிக்கு, சங்கப் பிரதிநிதியானேன். குன்னூரில் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு அனுப்பினார்கள். இரண்டாம் நாள் காலையில் ஆசிரியர் 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தை எடுத்துக்கொண்டார். ஓர் ஆண்டுக்கு 15 நாள் கூலி. 240 நாள் வேலை செய்திருந்தால் அது முழு ஆண்டு. அந்த 240இல் மகப்பேறு விடுப்பு நாட்களும் சேரும், வேலையில் பட்ட காயத்தால் படுத்திருந்த நாட்களும் சேரும் என்று கரும்பலகையில் எழுதினார். நான் பிறந்த ஆண்டு, தம்பி பிறந்த ஆண்டு, மழையில் கொழுந்து மூட்டையோடு சறுக்கி விழுந்து அம்மா கணுக்காலை உடைத்துக்கொண்ட ஆண்டு. மூன்றும் அந்தக் கரும்பலகையில் இருந்தன. மூன்று பதினைந்து நாற்பத்தைந்து. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

"வகுப்பு எதற்கு? முதலில் கூலியை உயர்த்தச் சொல்லுங்கள்" என்று எங்கள் கூட்டங்களில் அடிக்கடி ஒரு குரல் எழும். அந்தக் குரலின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் உயர்த்தி வாங்கிய கூலி கணக்கில் எப்படிக் கரைகிறது என்று பார்க்கத் தெரியாவிட்டால், ஒரு கையால் வாங்கியதை மறு கையால் திருப்பிக் கொடுக்கிறோம்.

எல்லா வகுப்பும் வகுப்பல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மேடை, பொன்னாடை, மூன்று தலைவர்களின் உரை, பிரியாணிப் பொட்டலம், குழுப் படம் என்று முடியும் 'பயிற்சி முகாம்'களுக்கும் போயிருக்கிறேன். திரும்பி வரும் பஸ்ஸில் என்ன கற்றோம் என்று யோசித்தால் ஒன்றும் நினைவில் இருக்காது.

குன்னூர் வகுப்பு வேறு மாதிரி. முதல் வேலையாக அவரவர் சம்பளச் சீட்டை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார் ஆசிரியர். பிடித்தங்களை வரிவரியாக வாசித்தோம். பிஎஃப் எண்ணைச் சீட்டிலிருந்து நோட்டில் எழுதினோம். பத்தொன்பது ஆண்டுகள் வேலை செய்த ஓர் அக்கா தன் எண்ணை அன்றுதான் முதன்முதலில் பார்த்தார். அடுத்து எடை. சாக்குக் கழிவு, மழைக்காலத்தில் ஈரக் கழிவு என்று தராசடியில் கழிக்கும் கிலோக்கள் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. நாங்கள் அதைப் பற்றி முணுமுணுப்போம், எடை எழுதும் ரைட்டரைத் திட்டுவோம், அவ்வளவுதான். ஆசிரியர் ஒரு வாரத்துக்குத் தேதி, காடு, தராசில் காட்டிய எடை, செக்ரோலில் (தோட்டத்து வருகை, கூலிப் பதிவேட்டில்) ஏறிய எடை என்று நான்கு கட்டம் போட்டு எழுதச் சொன்னார். முணுமுணுப்பு எப்படி வழக்காக மாறுகிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

புகார் எழுதவும் பழகினோம். எப்போது, எங்கே, யாருக்கு, என்ன நடந்தது, எந்த விதி மீறப்பட்டது, என்ன வேண்டும். இரண்டு பிரதி. ஒன்றில் ஆபீஸ் முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் திரும்பி வரக்கூடாது. இந்த ஒப்புகை விஷயம் மட்டுமே எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. வாயால் சொன்ன புகார் மலைப்பனி மாதிரி, வெயில் ஏறினால் இருக்காது.

மாலையில் பாதிப் பேரை நிர்வாகமாகவும் பாதிப் பேரைச் சங்கமாகவும் உட்கார வைத்துப் பேச்சுவார்த்தை நடத்தச் சொன்னார். நான் மேனேஜர். பத்தே நிமிடத்தில் எதிரில் இருந்தவர்களைக் கோபப்படுத்தி, கோரிக்கையை மறக்கடித்து, அவர்களே எழுந்து போகும்படி செய்துவிட்டேன். எனக்கு அது அவ்வளவு எளிதாக வந்தது. ஆண்டாண்டாக எங்களுக்கு ஆபீசில் நடப்பதும் இதுதானே!

இதையெல்லாம் யார் கற்கிறார்கள் என்பதில்தான் என் கோபம். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வகுப்புக்குப் போகிறவர்கள் அதே நான்கைந்து ஆண்கள், ஆண்டுதோறும் அவர்களேதான். 2015 செப்டம்பரில் கேரளத்தின் மூணாறில் என்ன நடந்தது என்பதை எங்கள் தலைவர்கள் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. போனஸ் குறைந்தபோது ஆயிரக்கணக்கான தோட்டப் பெண்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், தெருவில் உட்கார்ந்தார்கள். நிர்வாகத்தை மட்டுமா எதிர்த்தார்கள்? தங்களுக்காகப் பேசுவதாகச் சொன்ன சங்கத் தலைவர்களையும் கிட்டே வரவிடவில்லை. 'பெண்பிளை ஒருமை' (மலையாளத்தில் பெண்கள் ஒற்றுமை) என்று தங்களுக்கே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். கேட்ட 20 சதவீத போனஸை வாங்கினார்கள். சங்கம் உறுப்பினரிடம் சந்தாவை மட்டும் வாங்கி அறிவைத் தன்னிடமே வைத்துக்கொண்டால், ஒருநாள் உறுப்பினர் சங்கத்தின் வாசலைத் தாண்டித்தான் போவார். போக வேண்டியதும்தான்.

நம் தொழிற்சங்க வரலாறு இப்படித் தொடங்கவில்லை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பெரம்பூரில் மில் தொழிலாளர்கள் சொற்பொழிவு கேட்கக் கூடிய ஒரு சபையிலிருந்து. செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் நடத்திய சபை அது. திரு.வி.க. அங்கே போய்ப் பேசினார். கேட்கக் கூடியவர்கள்தான் பிறகு கேள்வி கேட்கவும் கூடினார்கள்.

வகுப்புகளுக்கு இடமில்லை என்றும் சொல்ல முடியாது. 1958இல் ஒன்றிய அரசு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொழிலாளர் கல்விக்கென்றே ஒரு மத்திய வாரியம் அமைத்தது. தொழிலாளிக்கே பயிற்சி கொடுத்து, அவர் திரும்பி வந்து தன் ஆலையிலும் தோட்டத்திலும் வகுப்பெடுக்கும் முறை அது. மிக நல்ல முறை என்பேன். பக்கத்து லைன் வீட்டு அக்கா சொல்லித்தருவதை வெளியூர் வக்கீல் சொல்லித்தர முடியாது. எங்களுக்கு இல்லாதது நேரம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைத்தால் பெண்கள் எப்படி வருவார்கள்? அன்றுதான் துணி, சந்தை, விறகு, பிள்ளைகளின் தலைக்கு எண்ணெய். வேலை நாளில் வந்தால் ஒரு நாள் கூலி போகிறது. கூலியை விட்டுக்கொடுத்து உரிமையைப் படிக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1974லேயே 140ஆம் உடன்படிக்கையில் ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்பைப் பற்றிப் பேசியிருக்கிறது. தொழிற்சங்கக் கல்வியும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. பிரிட்டனில் நிர்வாகம் அங்கீகரித்த சங்கத்தின் பிரதிநிதி பயிற்சிக்குப் போகும் நேரத்துக்கு முதலாளி சம்பளம் கொடுக்க வேண்டும் என்று 1992ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 168, 169ஆம் பிரிவுகள் சொல்கின்றன. நம் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. கூலி ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால் அதுவே எங்களுக்குச் சட்டம்.

இப்போது அவசரமும் கூடியிருக்கிறது. 29 பழைய சட்டங்களின் இடத்தில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைப்படுத்துவதாக ஒன்றிய அரசு அறிவித்துவிட்டது. எங்கள் வீடு, குடிநீர், ஆஸ்பத்திரி, குழந்தைகள் காப்பகம் எல்லாவற்றுக்கும் ஆதாரமாக இருந்த 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் அவற்றுள் ஒன்றுக்குள் போய்விட்டது. அந்தத் தொகுப்புகளில் பலவற்றை நான் எதிர்க்கிறேன், அது தனியாக எழுத வேண்டியது. ஆனால் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர்ப்புக் குழு, அதில் நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் சம இடம், பெண்களின் விகிதத்துக்குக் குறையாமல் பெண்களுக்கு இடம் என்று ஒரு விதி இருக்கிறது. எங்கள் தோட்டக் கணக்குப்படி பாதிக்கு மேல் பெண்கள் உட்கார வேண்டும். உட்கார்ந்து என்ன பேச வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லித்தரப் போகிறார்கள்? சொல்லித்தராவிட்டால் நிர்வாகம் நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடும் குழுவாகத்தான் அது இருக்கும். என் அம்மா கைநாட்டு வைத்தது போல.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய சாமான் கிடங்கில் கண்டெடுக்கப்பட்ட பிறகு. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016இல்தான் வந்தது. கையில் தொடும் பொருள் என்ன, அது உடம்பில் என்ன செய்யும் என்று கேட்கத் தெரிந்த ஒரு பிரதிநிதி ஒவ்வொரு வேலையிடத்திலும் வேண்டும். எங்கள் தோட்டங்களில் மருந்து அடிப்பவர்கள் டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை வாசிக்கிறார்களா? இப்போது அந்த வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்த பிள்ளைகள் பலர் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எங்கள் கூட்டங்களில் ஓரமாக நின்றுவிட்டுப் போகிறார்கள். அவர்கள் மொழியிலும் வகுப்பு வேண்டும்.

குன்னூர் வகுப்பில் என் பக்கத்தில் இருந்த அக்கா அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். அவருடைய கணக்கிலும் 2 ஆண்டுகள் குறைந்திருந்தன. அவர் கைநாட்டு வைக்கவில்லை. மனு எழுதினோம், ஒப்புகை வாங்கினோம், 30 நாட்களுக்குள் திருத்திய கணக்கோடு பணம் வந்தது.

அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்கான கோரிக்கைப் பட்டியலில், ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுக்கு 2 நாள் ஊதியத்துடன் பயிற்சி, வகுப்புக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். தட்டச்சாகி வந்த பட்டியலில் அந்த வரி இல்லை. மறுபடியும் எழுதி, எங்கள் காட்டுப் பெண்கள் 43 பேரிடம் கையெழுத்து வாங்கி, நேற்று சங்க ஆபீசில் கொடுத்திருக்கிறேன். ஒப்புகையும் வாங்கி வைத்திருக்கிறேன்.