மேனேஜர் நல்லவரா இருந்தாதான் லோனா?

போன மாசம் எங்க பக்கத்து வீட்டு பெரியம்மாவோட கோத்தகிரி பேங்க்குக்குப் போயிட்டு வந்தேன், அதுல இருந்து மனசு ஆறவே இல்ல, எழுதிடணும்னு தோணுச்சு. நீளமாத்தான் வரும், பொறுமையா படிங்க.

பெரியம்மாவுக்கு ஒன்னரை ஏக்கர் தேயிலை. பட்டா அவங்க பேர்லயே இருக்கு. செடி மேல போயிடுச்சு, பறிக்கக் கை எட்டல, இந்த வருசம் கவாத்து அடிச்சே ஆகணும், அதாவது செடிய மட்டமா வெட்டி விடணும். கவாத்து அடிச்சா மூணு நாலு மாசம் இலை கிடையாது, இலை இல்லன்னா ஃபேக்டரில இருந்து காசு கிடையாது, ஆனா ஆளுக்குக் கூலி குடுக்கணும், உரம் வாங்கணும், வீட்டுல அடுப்பும் எரியணும். அதுக்குத்தான் ஒன்னரை லட்சம் கேட்டுப் போனாங்க. பாஸ்புக், பட்டா, சிட்டா, இலை எடை எழுதுற நோட்டு எல்லாத்தையும் உர மூட்டைக்குள்ள வர்ற பிளாஸ்டிக்க வெட்டி அதுல சுத்தி மஞ்சப் பையில வெச்சிருந்தாங்க. அன்னைக்குக் காலைல இருந்தே சாரல், அப்படி சுத்தியும் ஓரத்துல ஈரம் ஏறிடுச்சு, கவுண்டர் முன்னாடி நின்னு முந்தானையால ஒவ்வொரு பேப்பரா ஒத்தி ஒத்தி எடுத்து வெச்சாங்க.

உள்ள இருந்தவர் அத முழுசா பிரிச்சுக்கூட பாக்கல. "நகை இருந்தா வெச்சு எடுத்துக்கங்கம்மா, இல்லன்னா நிலத்த அடமானம் பதிஞ்சு குடுங்க, சும்மா எப்படிம்மா தர முடியும்"னாரு. பெரியம்மா "சரிங்க சார்"னு சொல்லிட்டு எல்லாத்தையும் மறுபடி சுத்தி வெச்சாங்க. வர்ற வழியில பஸ்ல ஒன்னே ஒன்னுதான் சொன்னாங்க, "அந்தப் பழைய மேனேஜர் இருந்திருந்தா குடுத்திருப்பாருடி, அவரு நல்ல மனுசன்."

எனக்குத் தாங்காதது அந்த வார்த்தைதான். நல்ல மனுசன் இருந்தா லோன், இல்லன்னா இல்லையா? விவசாயக் கடன் 2 லட்சம் வரைக்கும் ஈடு கேக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் எல்லா பேங்க்குக்கும் சொல்லியிருக்கு, முன்னாடி 1.6 லட்சமா இருந்தத 2025 ஜனவரி 1ல இருந்து 2 லட்சமா ஏத்துனாங்க. தேயிலை மாதிரி தோட்டப் பயிருக்குக் குடுக்குற பயிர்க் கடனும் விவசாயக் கடன் கணக்குலதான் வரும். நாமளா விருப்பப்பட்டு நகை வெச்சா அது வேற, வெச்சாதான் தருவேன்னு அவங்க சொல்லக் கூடாது. இது யாரோட நல்ல மனசும் இல்ல, மேல இருந்து வந்த உத்தரவு. மும்பைல போட்ட உத்தரவு கோத்தகிரி கவுண்டர் வரைக்கும் வந்து அங்கயே செத்துப் போகுது, ஏன்னா கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிக்குற நமக்கு அப்படி ஒன்னு இருக்குன்னே தெரியாது.

எட்டு வருசமா எங்க மகளிர் குழுவுக்கு நான்தான் கணக்கு எழுதுறேன். யாருக்கு மேல யாருன்னு தெரிஞ்சுக்க எனக்கே ரொம்ப நாள் ஆச்சு. ரிசர்வ் பேங்க்ல நீங்களோ நானோ அக்கவுண்ட் தொடங்க முடியாது, அது பேங்க்குகளுக்கு பேங்க், அரசாங்கத்துக்கும் பேங்க். 1935 ஏப்ரல் 1ல தொடங்குனப்ப தனியார் பங்குதாரர்கள் கையிலதான் இருந்துச்சு, 1949 ஜனவரி 1லதான் அரசாங்கத்துக்கு வந்துச்சு. அதே 1949ல வந்த பேங்கிங் ஒழுங்குமுறைச் சட்டத்துலதான் யார் பேங்க் நடத்தலாம், யார் லைசென்ஸ ரத்து பண்ணலாங்கிற அதிகாரமெல்லாம் அதுக்குக் கிடைச்சுது. நம்ம கையில இருக்குற நோட்டும் அது போடுறதுதான், அந்த நோட்டு அடிக்கிற அச்சகத்துல ஒன்னு கூடலூர், முதுமலை, பந்திப்பூர் தாண்டுனா வர்ற மைசூர்லயே இருக்கு. காசு மட்டும் மத்திய அரசாங்கத்தோடது, அத சந்தைல வாங்க மாட்டேன்னு சொல்ற கடைக்காரங்களுக்கு ஒரு தடவ சொல்லுங்க, 10 ரூபா காசு எல்லா டிசைனும் செல்லும்.

அதுக்குக் கீழ வர்றது பொதுத்துறை பேங்க் (இணைப்பெல்லாம் முடிஞ்சு இப்ப 12 இருக்கு), தனியார் பேங்க், சிறு நிதி பேங்க், தமிழ்நாடு கிராம பேங்க், கூட்டுறவு பேங்க். இதுல கூட்டுறவு மூணு அடுக்கு. சென்னைல மாநிலத் தலைமை பேங்க், ஊட்டில மாவட்ட மத்திய கூட்டுறவு பேங்க், ஊர்ல கடன் சங்கம். மேல இருக்குற ரெண்டுக்கும் ரிசர்வ் பேங்க் மேற்பார்வை உண்டு, மாநில அரசாங்கத்தோட கூட்டுறவுப் பதிவாளரும் உண்டு. ஊர்ல இருக்குற கடன் சங்கத்துக்குப் பதிவாளர் மட்டும்தான். கடன் வாங்க நல்ல இடம், நான் குறை சொல்லல, ஆனா அங்க டெபாசிட் போடுறவங்க ஒன்னு தெரிஞ்சு போடணும், பேங்க் டெபாசிட்டுக்கு இருக்குற இன்சூரன்ஸ் சங்கத்து டெபாசிட்டுக்குக் கிடையாது.

இந்த இன்சூரன்ஸ் சும்மா வந்தது இல்ல. 1906ல மெட்ராஸ்ல அர்பத்நாட் கம்பெனின்னு ஒரு பெரிய வெள்ளைக்காரன் கம்பெனி திவாலாகி, பணம் போட்டிருந்த எத்தனையோ குடும்பம் தெருவுக்கு வந்துச்சு, அப்ப மேல கேக்குறதுக்கு ஆளே இல்ல. நம்மவங்களே ஒரு பேங்க் வெச்சுக்கணும்னு அடுத்த வருசம் இந்தியன் பேங்க் வந்ததுக்கே அந்த அடிதான் காரணம். அப்புறம் 1960ல கேரளால பாலா சென்ட்ரல் பேங்க் விழுந்துச்சு. ரிசர்வ் பேங்க் இருந்தும் விழுந்துச்சு. அதுக்கப்புறம்தான் சட்டம் போட்டு 1962ல டெபாசிட் இன்சூரன்ஸ் கொண்டு வந்தாங்க, அப்ப ஆளுக்கு 1,500 ரூபாதான், இப்ப 2020 பிப்ரவரில இருந்து 5 லட்சம். ஒரு ஆளுக்கு ஒரு பேங்க்ல எத்தன கிளைல போட்டிருந்தாலும் அசலும் வட்டியும் சேத்து 5 லட்சம். ஊர்ல "ஃபைனான்ஸ்"னு போர்டு மாட்டிக்கிட்டு ரெண்டு வட்டி தர்றேன்னு சொல்றவங்ககிட்ட இதெல்லாம் ஒன்னும் கிடையாது. எங்க சித்தப்பா பத்து வருசத்து இலைக் காசு அப்படி ஒரு இடத்துல போய் முடிஞ்சுது, ஒரு திங்கக்கிழம போனப்ப ஷட்டர் இறங்கியிருந்துச்சு, அவ்வளவுதான்.

சரி, பேங்க் ஏன் பெரியம்மாவுக்குக் கடன் குடுக்கணும்? இதுதான் முக்கியம். 1969 ஜூலை 19ல 14 பெரிய பேங்க்க நாட்டுடைமை ஆக்குனாங்க. அதுவரைக்கும் பேங்க் கடன் பெரும்பாலும் பெரிய கம்பெனிக்கும் வியாபாரத்துக்கும்தான் போச்சு, விவசாயிக்குக் கிடைச்சது சொற்பம். இப்ப ரூல் என்னன்னா, பொதுத்துறை, தனியார் பேங்க் குடுக்குற மொத்தக் கடன்ல 40 சதவீதம் முன்னுரிமைத் துறைக்குப் (விவசாயம், சிறு தொழில் மாதிரி) போகணும், அந்த 40ல விவசாயத்துக்கு 18, அந்த 18க்குள்ள சிறு குறு விவசாயிக்கு மட்டும் 10. ஒன்னரை ஏக்கர்னா குறு விவசாயி. அதாவது பெரியம்மா கைய நீட்டிப் பிச்சை கேக்கல, அவங்களுக்குன்னு ஒதுக்கி வெச்ச பங்கைக் கேட்டாங்க. அந்தப் பேங்க்ல கெடக்குற டெபாசிட்ல நம்ம மலைக்காரங்க இலைக் காசும் கேரட் காசும்தான இருக்கு.

ஆனா ஒரு ஓட்டையும் இருக்கு, எனக்கு அதுல கடுங்கோபம். இந்தக் கணக்க எட்ட முடியாத பேங்க், அதிகமா குடுத்த இன்னொரு பேங்க்கிட்ட இருந்து காசு குடுத்து சர்டிபிகேட் வாங்கி சரிக்கட்டிக்கலாம், 2016ல இருந்து இது நடக்குது. அப்பவும் குறைஞ்சா நபார்டுல (விவசாயம், கிராம வளர்ச்சிக்கான தேசிய பேங்க்) இருக்குற ஊரக நிதில கம்மி வட்டிக்குப் பணத்தப் போடணும், அதுல ரோடு, பாலம் எல்லாம் போடுறாங்க, அது நல்லதுதான். ஆனா எங்கயோ குடுத்த கடனுக்கு சர்டிபிகேட் வாங்கிட்டா எங்க ஹட்டில, அதான் எங்க மலைக் கிராமத்துல, ஒரு வீட்டுக்குக் கூட குடுக்காமலே கணக்கு நேராயிடுது பாருங்க! மலைல செலவு ஜாஸ்தி, கடன் தொகை சின்னது, ஒரு ஆள் தோட்டத்தப் போய்ப் பாத்துட்டு வரவே அரை நாள் ஆகும், அதனால கையக் கழுவிடுறாங்க. மாவட்டத்துக்கு மாவட்டம் கணக்கு வெச்சு, குடுக்காத கிளைய கலெக்டர் கூட்டத்துல பேர் சொல்லிக் கேக்கணும்னுதான் நான் சொல்லுவேன். மாவட்டத்துல இருக்குற எல்லா பேங்க்கையும் ஒருங்கிணைக்க முன்னோடி வங்கி மேலாளர்னு ஊட்டில ஒருத்தர் இருக்கிறதே அதுக்குத்தான்.

ரிசர்வ் பேங்க் நெனைச்சாலும் தீராத விஷயமும் இருக்கு. கூடலூர்ல இருக்குற சொந்தக்காரங்க கேப்பாங்க, எங்களுக்கு ஏன் கடன் இல்லன்னு. அங்க ஜன்மம் நிலம், அதாவது முன்னாடி ஜென்மிங்கிற நிலப்பிரபுக்கள் கையில இருந்த நிலம், ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தோட பிரிவு 17ல மாட்டிக்கிட்டு பட்டா இல்லாம கெடக்கு. அந்தச் சட்டமும் 1969ல போட்டதுதான், பேங்க் நாட்டுடைமை ஆன அதே வருசம். பேங்க் கதவு தெறந்துச்சு, பட்டா வரல. பட்டா இல்லாம பயிர்க் கடன் வாங்குறது எவ்வளவு கஷ்டம்னு அங்க இருக்குறவங்களக் கேளுங்க. அது சென்னைல, மாநில அரசாங்கத்துக்கிட்ட தீர வேண்டியது.

ரெப்போன்னு நியூஸ்ல சொல்றாங்களே, அது ரிசர்வ் பேங்க் பேங்க்குகளுக்குக் கடன் குடுக்குற வட்டி. 2025 பிப்ரவரில 6.5ல இருந்து எறங்க ஆரம்பிச்சு ஜூன்ல 5.5க்கு வந்துச்சு. மாறும் வட்டில வீட்டுக் கடன் வாங்குனவங்களுக்கு 2019 அக்டோபருக்கு அப்புறம் வாங்குனதுன்னா உங்க வட்டியும் எறங்கியிருக்கணும், எறங்கலன்னா போய்க் கேளுங்க.

பெரியம்மா கதைக்கு வர்றேன். நாலு நாள் கழிச்சு மறுபடி கூட்டிட்டுப் போனேன். இந்தத் தடவ வாயால கேக்கல, விண்ணப்பம் எழுதிக் குடுத்தோம், முன்னுரிமைத் துறைக் கடன் விண்ணப்பத்துக்கு ரசீது குடுக்கணும்னு ரூல் இருக்கு, அதைக் குடுங்க சார்னு கேட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பாத்தாரு. அப்புறம் சீல் போட்டுக் குடுத்தாரு. கூடவே அந்த பேங்க்கோட புகார்ப் பிரிவுக்கு ஒரு லெட்டரும் போட்டோம். இதுல ஒன்னு கவனிங்க, லோன் தரலன்னு மட்டும் எழுதாதீங்க, அது பேங்க்கோட வியாபார முடிவுன்னு தள்ளிடுவாங்க, 2 லட்சத்துக்குள்ள விவசாயக் கடனுக்கு ஈடு கேட்டாங்கன்னு தேதி போட்டு எழுதுங்க. 30 நாள்ல பதில் வரலன்னா, இல்ல வந்த பதில் சரியில்லன்னா பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மன்கிட்ட போகலாம், பைசா செலவு இல்ல, விவரம் கேக்க 14448.

பெரியம்மா அந்த ரசீத பட்டாவோட சேத்து அதே உர மூட்டை பிளாஸ்டிக்ல சுத்தி வெச்சிருக்காங்க. தினம் சாயந்திரம் இலை எடை போட்டுட்டு வர்றப்ப வாசல்ல நின்னு "எத்தனாவது நாளுடி"ன்னு கேப்பாங்க. இன்னைக்குப் பதினேழு.